கேட்டதைத் திரும்பச் சொல்பவர்

மார்ச் 3, செவ்வாய்

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டம்மா மதில்மேல் மோவாயை வைத்துக்கொண்டு, "இப்பல்லாம் உங்க வீடு எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க" என்றாள். ஆறுதல் சொல்கிறாளாம். கையிலிருந்த ஈரத் துண்டால் வாயிலேயே ஒரு போடு போட்டிருக்கலாம். உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அமைதியாம். இத்தனை வருஷமாக இந்தத் தெரு எங்கள் வீட்டில் நித்தம் சண்டை என்றே நினைத்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது, அதனால் நான் கத்துவேன். தான் பேசுவது தனக்கே கேட்காததால் அவரும் கத்துவார். "சாப்பிட வாங்க" என்று நான் கூப்பிட்டால் தெருக்கோடியில் இருக்கிறவனுக்குப் பசிக்கும். கல்யாணமான புதிதில் ஆசையாக ஒரு வார்த்தை சொல்வதென்றால்கூட ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுத்தான் சொல்ல வேண்டும். பகலெல்லாம் நூலகத்தில், 'அமைதி காக்கவும்' பலகைக்கு நேர் கீழே எனக்கு நாற்காலி. வீட்டுக்கு வந்தால் தொண்டை கிழியும்.

பீரங்கிப் படையில் இருந்தவர். அங்கிருந்து திரும்பி வந்தபோது ஒரு இரும்புப் பெட்டி, ஒரு கம்பளி, வலது பக்கம் பாதிக் காது. கொண்டு வந்தது அவ்வளவுதான். இடது காதை அங்கேயே விட்டுவிட்டார். பிறகு ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிற நகராட்சி பம்பு ஹவுஸில் மோட்டார் ஓட்டுகிற வேலை. அந்த இரைச்சலில் அவருக்கு முன்னால் யாருமே நிலைத்ததில்லை. "எனக்கென்ன, கேட்டாத்தானே" என்பார். ஊர் அவருக்கு வைத்த பெயர் பீரங்கி. மரியாதையாக வைத்ததில்லை. டீக்கடைப் பக்கம் போனால், "பீரங்கி வருது, காதைப் பொத்திக்கோ" என்று சிரிப்பார்கள். அவருக்குக் கேட்காது. எனக்குக் கேட்கும்.

கொடியில் போட்டது அவருடைய துண்டு. எதற்காக அதைத் துவைத்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 4, புதன்

மகள் போன் செய்தாள். குழந்தைக்குச் சளி என்றாள். "குழந்தைக்குச் சளியாம்" என்று கத்தினேன். மாப்பிள்ளைக்கு வேலை மாற்றம் வரலாம் என்றாள். "மாப்பிள்ளைக்கு வேலை மாறுதாம்" என்றேன். "அம்மா, யாருக்குச் சொல்றே?" என்றாள்.

அவரால் போனில் பேச முடியாது. அவள் சொல்வதை நான் நாற்காலிப் பக்கம் திரும்பிக் கத்துவேன், அவர் அதைத் திரும்பச் சொல்வார். "சளி! சரி! மருந்து குடுத்தாளா?" எதைச் சொன்னாலும் அப்படித்தான். "உப்பு வாங்கிட்டு வாங்க" என்றால், "உப்பு! வாங்கிட்டு வரேன்!" ஆரம்பத்தில் எரிச்சலாக வரும், என்னைக் கேலி செய்கிறாரோ என்று. அது கேலி இல்லை, பீரங்கிக்காரர்களின் பழக்கம். மேலே இருந்து ஒரு ஆர்டர் வந்தால் வரிசையில் நிற்கிற ஒவ்வொருவனும் அதைச் சத்தமாகத் திரும்பச் சொல்ல வேண்டுமாம். திரும்பச் சொல்லவில்லை என்றால் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். சொன்னவன் மறுபடி சொல்ல வேண்டும். அது சொன்னவனுடைய பொறுப்பு, கேட்கிறவனுடையது இல்லை.

இந்த வீட்டில் உப்பு விஷயத்தில்கூட அந்தச் சட்டம் நடந்தது. ஆஸ்பத்திரியில் நடக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருடைய குடை அங்கேயே கிடந்ததாம், யாரோ சொல்லி அனுப்பினார்கள்.

நம்பர் கூப்பிடுகிற டோக்கன்காரர் அதே கம்பி ஜன்னலுக்குப் பின்னால் அதே நாற்காலியில். என்னைப் பார்த்ததும் குடையை ஜன்னல் வழியாக நீட்டினார். வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

"முப்பத்தொண்ணாம் நம்பரை எத்தனை தடவை கூப்பிட்டீங்க?"

"மூணு தடவைம்மா. மூணு தடவை கூப்பிட்டு வரலேன்னா அடுத்த நம்பர். அதான் ரூல்."

"எழுந்து பாத்தீங்களா?"

"கூட்டத்துல எங்கம்மா எழுந்து பாக்கறது? அவரும் சொல்லலாமே, காது கேக்காதுன்னு."

சொல்லலாமே. காது கேட்காதவன் வந்து, உனக்கு இன்றைக்கு என்னைக் கூப்பிடுகிற எண்ணம் இருக்கிறதா என்று கேட்டு, எனக்குக் காது கேட்காது என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார வேண்டும். மாதாமாதம் போகிறவர். ஊருக்கே தெரிந்த காது. அந்த ஜன்னலுக்கு மட்டும் தெரியாது.

அன்றைக்குக் காலையிலிருந்தே நெஞ்சு என்னவோ செய்கிறது என்றார் என் வீட்டுக்காரர். "வாயுவா இருக்கும், நீ வேலைக்குப் போ, நான் மாத்திரை வாங்கப் போறேன்ல, அங்கயே காட்டிக்கறேன்" என்றார். மூலைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நம்பர் போய்விட்டது. கூட்டம் கலைந்துவிட்டது. பெருக்க வந்த அம்மா, "காலைத் தூக்குங்க ஐயா" என்று சொல்லியிருக்கிறாள். தூக்கவில்லை. தொட்டிருக்கிறாள். அப்போதுதான். டோக்கன் உள்ளங்கையில் மடங்கி இருந்தது.

கூப்பிட்டபோது உயிர் இருந்ததா, இல்லையா? அது இப்போது யாருக்கும் தெரியாது. பார்க்கவில்லையே. கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். நாய்க்குச் சோறு வைத்தால்கூடத் தின்றதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள்.

கத்திவிட்டேன். நல்ல கத்து. டாக்டர் வெளியே வந்து, "அம்மா, இது ஆஸ்பத்திரி, சத்தம் போடக்கூடாது" என்றார். 'அமைதி காக்கவும்' பலகைக்குக் கீழேயே சம்பளம் வாங்குகிறவளிடம் சொல்கிறார். குடையை எடுத்துக்கொண்டு வந்தேன். நடந்தே வந்தேன்.

மார்ச் 14, சனி

கொழுந்தன் வந்தான். வெள்ளைச் சட்டை, நகராட்சி உறுப்பினர் மிடுக்கு. உட்கார்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணி, நம்ம ரவுண்டானால அண்ணன் பேர்ல ஒண்ணு வைக்கப் போறோம். முன்னாள் ராணுவத்தினர் சங்கமும் நகராட்சியும் சேர்ந்து. என்ன தெரியுமா? பீரங்கி. நிஜப் பீரங்கி. பழசு, ராணுவத்துலயே குடுக்கறாங்க. கீழ பீடம் கட்டி, பளிங்குல அண்ணன் பேரு."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டு அவனே மேலே பேசினான். ஊரே பீரங்கி என்று கூப்பிட்ட மனுஷன், அந்தப் பெயருக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டாமா என்றான்.

யார் சொல்கிறான்? இவன் மகன் கல்யாணத்தில் அண்ணனை எங்கே உட்கார வைத்தான்? பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில். "அண்ணன் பேசினா எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க, அங்கன்னா சத்தத்துல தெரியாது" என்று என்னிடமே சொன்னான், ஏதோ வசதி செய்து கொடுத்த மாதிரி. அவர் அங்கே உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு, வாசலில் இவன் முதுகைத் தட்டி, "நல்லாப் பண்ணிட்டேடா!" என்று வாழ்த்தினார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. இவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதன்பிறகு இந்த வாசற்படி மிதித்தது அவர் போன அன்றுதான்.

"பீரங்கி வேண்டாம் தம்பி" என்றேன்.

"அண்ணி, எல்லாம் முடிவாயிடுச்சு. குடும்பத்துல சம்மதம்னு நான் சொல்லிட்டேன்."

"எந்தக் குடும்பத்துல?"

டீயைப் பாதி வைத்துவிட்டுப் போனான்.

மார்ச் 15, ஞாயிறு

தலையில் தூக்கி வைத்து ஆட ஆள் செத்திருக்க வேண்டும் போல.

மார்ச் 20, வெள்ளி

யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதப் போகிறேன். எழுதாவிட்டால் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று எனக்கே மறந்துவிடும்.

கல்யாணமாகி முதல் மழைக்காலம். இடி இடித்தது. அவர் எழுந்துபோய் சமையலறை மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். காதுக்கு எட்டாத இடி தரை வழியாகக் காலுக்கு எட்டிவிட்டதாம். அன்றைக்குத்தான் சொன்னார், ஒரே தடவை. அதன்பிறகு சொன்னதில்லை.

பீரங்கியில் அவர் வேலை கயிறு இழுப்பது. கயிற்றை இழுத்தால் வெடிக்கும். ஒரு காலை நேரம், விடாமல் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'நிறுத்து' என்று ஆர்டர் வருகிறது. முதல் ஆள் திரும்பச் சொல்கிறான். அடுத்தவன் திரும்பச் சொல்கிறான். அதற்கடுத்தவர் சொல்லவில்லை. அவருக்குக் காது அன்றைக்குத்தான் போயிருக்கிறது, போனது அவருக்கே தெரியாது. அந்த ஆளுக்குப் பக்கத்தில் நின்றது என் வீட்டுக்காரர். 'நிறுத்து' இவரிடம் வந்து சேரவே இல்லை. கயிற்றை இழுத்துவிட்டார்.

குண்டு விழுந்த இடத்தில் சண்டைக்காரர்கள் யாரும் இல்லை. வேறு ஆட்கள் இருந்தார்கள். யார், எவர் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. "வந்து சேரல. அவ்வளவுதான். வந்து சேரல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் பீரங்கியைக் காட்டினால் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார்.

நடுவில் நின்று திரும்பச் சொல்லாத அந்த ஆள் குண்டண்ணன். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ஆள் குச்சி மாதிரி. பீரங்கிக்குக் குண்டு தூக்கிக் கொடுத்ததால் அந்தப் பெயர். இப்போது சுத்தமாகவே கேட்காது. உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். அவரிடம் பேசும்போது நான் குரலே கொடுப்பதில்லை, வாயை மட்டும் அசைப்பேன், என் தொண்டைக்குக் கிடைக்கிற ஓய்வு அது ஒன்றுதான். நான் அசைப்பதைச் சத்தமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

சனிக்கிழமைதோறும் வருவார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒருவர் பம்பு ரிப்பேர் பற்றி, இன்னொருவர் மருமகள் பற்றி. இருவருக்கும் பரம திருப்தி. அந்தக் காலையைப் பற்றி அவர்கள் பேசியே நான் பார்த்ததில்லை. இவர் அவரை ஒரு வார்த்தை குறை சொன்னதும் இல்லை. கிளம்பும்போது அவருடைய செருப்பை இவர் குனிந்து நேராகத் திருப்பி வைப்பார்.

இந்த மனுஷன் பெயரைப் பீரங்கிக்குக் கீழே வெட்டப் போகிறார்கள்.

மார்ச் 27, வெள்ளி

மகளிடமும் சண்டை. "அப்பாவுக்கு ஒரு மரியாதை கிடைக்குது, அதை ஏம்மா தடுக்கறே? சித்தப்பா எவ்வளவு அலையறார்" என்கிறாள். அவளிடம் அந்தக் காலையைச் சொல்ல முடியுமா? அவளுக்கு அவர், சைக்கிள் பழகியபோது பின்னாலேயே ஓடி வந்த அப்பா. அப்படியே இருக்கட்டும்.

"பீரங்கின்னா அவருக்குப் பிடிக்காது" என்றேன்.

"எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"நீ கேட்டியா?"

போனை வைத்துவிட்டாள். மாலையில் ஓரகத்தி வந்தாள், எரிகிற தீயில் எண்ணெய் விட. "எதுக்கு இவ்வளவு கோவம் அக்கா? அன்னிக்கு நீங்க கூடப் போயிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். இந்த மாதிரிப் பேச்சை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

கூடப் போயிருக்கலாமாம். புருஷனுக்குப் பெண்டாட்டி காதாகப் போக வேண்டும். டீக்கடைக்கு, பாங்குக்கு, முடிவெட்டுகிற கடைக்கு, எல்லா இடத்துக்கும் நானே காது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், வேறு யாராவது ரெண்டடி நடந்து வந்து தோளைத் தொட்டிருந்தால் குறைந்தா போயிருப்பார்கள்? கதவைத் திறந்து வைத்துவிட்டு, "இருட்டறதுக்குள்ள கிளம்பு" என்றேன். முகத்தில் அடித்தாற்போல் இருந்திருக்கும். இருக்கட்டும்.

ஏப்ரல் 6, திங்கள்

சங்கத் தலைவரைப் பார்க்கப் போனேன். ஓய்வுபெற்ற அதிகாரி. மீசை, மேஜை, மேஜைமேல் ஒரு குட்டிப் பீரங்கி. காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறார்.

மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் எரிச்சல். பீரங்கி வேண்டாம் என்றேன். ஏதாவது செய்துதான் ஆக வேண்டும் என்றால் ஆஸ்பத்திரியில் செய்யுங்கள், நம்பர் காட்டுகிற விளக்குப் பலகை ஒன்று, கூப்பிடுவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, என்றேன். பீரங்கிக்காரர்களில் பாதிப் பேருக்குக் காது கிடையாது, உங்களுக்குத் தெரியாததா என்று கேட்டேன்.

"உணர்வு புரியுதும்மா. ஆனா நம்பர் போர்டுக்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம்? ரவுண்டானால போர்டு வைக்க முடியுமா? சின்னப் பிள்ளைங்க பாத்து உத்வேகம் வர மாதிரி ஒண்ணு வேணும்."

உத்வேகம். அந்தக் குட்டிப் பீரங்கியை எடுத்து ஜன்னல் வழியாக எறியக் கை துறுதுறுத்தது. "உங்களுக்கு நல்லாக் காது கேக்குதுங்க, குடுத்து வெச்சவர்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். இருபக்கமும் தலையை ஆட்டிச் சிரித்தார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

பீரங்கி வந்துவிட்டது. லாரியில், கயிறு கட்டி. இறக்குவதற்குள் பாதி ஊர் கூடிவிட்டது. பச்சைப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. யாரோ கைவைத்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள்.

எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் நேரே தெரிகிறது. குழாய் நம் வீட்டுப் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். யோசித்தால்தானே வேண்டுமென்று செய்ய.

குண்டண்ணன் கூட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். நான் இறங்கிப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும், "இது எதுக்கு?" என்றார், ஊருக்கே கேட்கிற மாதிரி. வாயை அசைத்தேன்: அவர் பேர்ல.

"அவர் பேர்ல" என்று திரும்பச் சொன்னார். அவர் பதில் சொல்லாமல் நின்று நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் கழித்துப் போனார், தன் வீட்டுப் பக்கம், பீரங்கியின் வாய்க்கு எதிரே வராமல் சுற்றிக்கொண்டு.

ஏப்ரல் 18, சனி

நாளைக்குத் திறப்பு விழா. அழைப்பிதழில் என்னைக் கேட்காமலேயே என்னைப் போட்டிருக்கிறார்கள். 'நன்றியுரை: அன்னாரது துணைவியார்.'

நன்றி சொல்ல வேண்டுமாம். எதற்கு?

இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் கெட்ட வார்த்தை வந்துவிட்டது. கிழித்துப் போட்டேன். குண்டண்ணன் வரவில்லை. சனிக்கிழமை என்று பழக்கத்தில் இரண்டு டீ போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ரவுண்டானாவைச் சுற்றிப் பந்தல். பீரங்கிக்கு மாலை. பளிங்குக் கல்லைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். முன்வரிசையில் சங்கத்துக்காரர்கள், பதக்கம் குத்திக்கொண்டு. ஓரத்தில் குண்டண்ணன், பதக்கம் இல்லாமல், இஸ்திரி போட்ட சட்டை. பின்னால் தெரு முழுக்க. டீக்கடைக்காரர்கள், பக்கத்து வீட்டம்மா, ஓரகத்தி. கடைசி வரிசையில் டோக்கன்காரர். அவரைப் பார்த்ததும் எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது.

கொழுந்தன் பேசினான். "என் அண்ணன் ஒரு பீரங்கி. அவர் முழங்கினால் எதிரி நடுங்குவான். அந்த முழக்கத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான்." கைதட்டல். ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார வைத்த முழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் ஆளாளுக்குப் பேசினார்கள். தண்ணீர் விட்டதைப் பற்றி ஒருவர் வாயிலும் ஒரு வார்த்தை வரவில்லை. ராத்திரி மோட்டார் நின்றால் சட்டைகூடப் போடாமல் ஓடுவாரே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

மைக் முன்னால் நின்றேன். என் தொண்டைக்கு மைக்கே வேண்டாம். ஒரு கத்து கத்தினால் போதும், இத்தனை நாள் சேர்த்து வைத்ததெல்லாம் போய் விழும். வாயைத் திறந்தேன். அந்த இடத்தில்தான் தோன்றியது: இவர்களுக்காக எதற்குக் கத்த வேண்டும்? இத்தனை வருஷம் அவருக்காகக் கத்தினேன், அது வேறு.

குரல் கொடுக்கவில்லை. வாயை மட்டும் அசைத்துப் பேசினேன்.

முதலில் மைக் செட்டுக்காரன் ஓடி வந்தான். தட்டினான், வயரைப் பிடித்து ஆட்டினான், "ஹலோ ஹலோ" என்றான். அவன் குரல் நன்றாகவே கேட்டது. நான் நிறுத்தவில்லை. "கேக்கலைங்க", "சத்தமாப் பேசுங்கம்மா" என்று குரல்கள். சிலர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார்கள். சிலர் கழுத்தை நீட்டினார்கள். பக்கத்து ஆளிடம், "என்ன சொல்றாங்க?" என்று கேட்டார்கள். ஒன்றும் புரியாமல் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள் சிலர். கொழுந்தன் கேட்ட மாதிரியே தலையாட்டிக்கொண்டிருந்தான். இதெல்லாம் அவர் தினமும் செய்ததுதான். டீக்கடையில், கல்யாணத்தில், ஆஸ்பத்திரியில். இப்போது ஊரே செய்துகொண்டிருந்தது. எனக்குள்ளே ஏதோ ஜில்லென்று ஆனது. பழிவாங்கிய திருப்திதான், பொய் எதற்கு.

அப்போது குண்டண்ணன் எழுந்தார்.

அவர் எழுந்து நின்ற விதத்தைப் பார்த்து முன்வரிசைக்காரர்களும் நிமிர்ந்துவிட்டார்கள். கையைத் தொடையோடு ஒட்டி, குதிகாலைச் சேர்த்து, என் உதட்டையே பார்த்துக்கொண்டு, கத்தினார்:

"என் வீட்டுக்காரர் பீரங்கி இல்லை!"

நான் சொன்னதுதான். சத்தமாக, ஒரே சுருதியில், அன்றைக்கு வரிசையில் நின்று சொல்லியிருக்க வேண்டிய மாதிரி. விடாமல் அசைத்தேன். அவர் ஒவ்வொன்றையும் திரும்பச் சொன்னார்.

"உங்க குழாய்ல தண்ணி வந்துச்சே, அது அவர்!"

"பெஞ்சில உக்காந்தே செத்தார்!"

"கூப்பிட்டாங்க! போய்ச் சேந்துச்சான்னு பாக்கல!"

சங்கத் தலைவர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கொழுந்தன் தலையாட்டுவதை நிறுத்திவிட்டிருந்தான்.

கடைசியாக நான் அசைத்தது, 'அவர் பேரை இதுல வைக்காதீங்க. இதோட நிறுத்துங்க' என்று. யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

"அவர் பேரை இதுல வைக்காதீங்க!" என்றார். பிறகு அப்படியே நின்றுவிட்டார். வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. தாடை ஆடுகிறது. நான் என்ன சொல்லிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேண்டாம் அண்ணே, உட்காருங்க என்று அசைக்கப் போனேன்.

"நிறுத்து!" என்றார்.

கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, ஆள் அசையவில்லை. மறுபடியும், "நிறுத்து!" பீரங்கியைப் பார்த்துச் சொன்னார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. எத்தனை தடவை சொன்னார் என்று தெரியவில்லை. நான் இறங்கிப் போய் அவர் தோளைத் தொட்ட பிறகுதான் நின்றது.

கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். டீ குடித்தார். கிளம்பும்போது குனிந்து அவர் செருப்பை நேராகத் திருப்பி வைத்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

ஒரு வார்த்தைகூடக் கத்தவில்லை, ஆனால் இன்றைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. மகள் பேசினாள். யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். ரொம்ப நேரம் அழுதாள். நான் அதைத் திரும்பச் சொல்லவில்லை.

ஏப்ரல் 29, புதன்

பளிங்குக் கல்லைக் கழற்றிவிட்டார்கள். பீரங்கி இருக்கிறது, வெறும் பீரங்கியாக. குழாயை வேறு பக்கம் திருப்பியிருக்கிறார்கள், யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கொழுந்தன் என்னோடு பேசுவதில்லை. மானத்தை வாங்கிவிட்டேனாம். அது அவனிடம் இருந்ததே எனக்கு இப்போதுதான் தெரியும்.

மதியம் டோக்கன்காரர் நூலகத்துக்கு வந்தார். புத்தகம் எடுக்க வந்தவர் மாதிரி அலமாரிப் பக்கம் நின்று நின்று, கடைசியில் என் மேஜைக்கு வந்தார்.

"அம்மா, நான் எழுந்து வந்து பாத்திருக்கணும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், பலகை அப்படி.

எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று சொன்னேன். மறுபடி சொன்னார், கொஞ்சம் சத்தமாக. படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

"எழுந்து வந்து பாத்திருக்கணும்" என்று நானும் திரும்பச் சொன்னேன். போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரிய வேண்டுமே. மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை, எழுதப் போவதுமில்லை.

ஜூன் 8, திங்கள்

எனக்கே ரத்த அழுத்தமாம். வரத்தானே செய்யும். மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

விளக்குப் பலகை ஒன்றும் வரவில்லை. வராது. மூலைப் பெஞ்சில் இடம் இருந்தது, நான் வேறு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கம்பி ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலி காலியாக இருந்தது. டோக்கன்காரர் வெளியே, பெஞ்சுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார், கையில் சிலேட்டு. சாக்கட்டியால் நம்பரை எழுதி உயர்த்திப் பிடிக்கிறார், வாயாலும் சொல்கிறார். "பதினொண்ணு." யாரும் எழவில்லை. அடுத்த நம்பருக்குப் போகவில்லை. பெஞ்சு பெஞ்சாக நடந்தார். சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் தோளைத் தொட்டு, சிலேட்டை முகத்துக்கு நேரே காட்டினார். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "பதினொண்ணு, நான்தான்" என்று சொன்ன பிறகுதான் சிலேட்டைத் துடைத்தார். எல்லாரும் அப்படித் திரும்பச் சொல்கிறார்கள். சின்னப் பிள்ளைகள்கூட. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எதிரில் இருந்தவரிடம் கேட்டேன். "இங்க அப்படித்தாங்க, சொல்லலேன்னா அவரு நகர மாட்டாரு" என்றார்.

சிலேட்டில் பன்னிரண்டு வந்தது. என்னைப் பார்த்துவிட்டார். நான்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பன்னெண்டு! வரேன்!" என்றேன். வீட்டில் பேசுகிற சத்தம்தான் வந்தது, கூடமே திரும்பிப் பார்த்தது. இது ஆஸ்பத்திரி என்று யாரும் சொல்லவில்லை.